தன்னால் எவ்வளவு தூரம்

ஆடி மாதத்துத் தென்காசியில் காற்று எப்போது நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டு முருங்கையில் கிடந்தால் போய் எடுத்துக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். என் தம்பி மகன் கேட்டான். எட்டாம் வகுப்பு. காகிதத்தில் விமானம் மடித்து விட்டால் அது ஒரு அடி இறங்குவதற்குள் எத்தனை அடி முன்னால் போகிறது என்று அளந்துவரச் சொல்லியிருந்தார்கள். மொட்டை மாடியிலிருந்து முதல் விமானத்தை விட்டான். மேற்கே கொஞ்சம் போய், ஏதோ மறந்ததுபோல நின்று, திரும்பி எங்கள் தலைக்கு மேலாகவே கிழக்கே போய்விட்டது. இரண்டாவது விமானம் விட்ட இடத்தைவிட ஆறடி உயரத்தில், தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் போய் உட்கார்ந்தது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "பெரியப்பா, ஒரு அடிகூட எறங்கலயே. மேலல்லா போயிருக்கு. இத எப்படி எழுத?" முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கழித்தல் குறி போட்டு எழுது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இரண்டு ஆடி கழிந்துவிட்டது. பையன் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். அந்தத் தொட்டி மூடிமேல் உட்கார்ந்த காகிதம் மட்டும் இன்னும் எனக்குள் இறங்கவில்லை.

காற்றில்லாத இடம் வேண்டும் என்றால் ஆடியில் ஊருக்குள் ஒன்றுதான் உண்டு: கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத மாதம், எல்லாம் பூட்டிக் கிடக்கும். காவலுக்கு இருந்தவர் தெரிந்தவர். திறந்துவிட்டு, "ஃபேன் போடட்டுமா அண்ணாச்சி, புழுங்குமே" என்றார். காற்று வேண்டாம் என்றுதான் இங்கே வந்திருக்கிறோம் என்றேன். வெளியே சாரலும் குளிருமாக ஊர் முழுக்கக் காற்று இலவசமாகக் கிடக்கையில் இரண்டு பேர் வியர்ப்பதற்காக மண்டபத்தைத் திறக்கச் சொல்கிறார்களே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. சன்னல்களைச் சாத்தினோம். வைகாசியில் கட்டிய வாழைமரத்தின் நார் தூணில் அப்படியே இருந்தது. சுவரெல்லாம் ஊறிப்போன சாம்பார் வாசனை. மாடிப்படி திரும்புகிற இடம் தரையிலிருந்து சரியாகப் பன்னிரண்டு அடி. அங்கிருந்து பத்து முறை விட்டான். குறைந்தது 51 அடி, கூடியது 66 அடி, சராசரி 59. பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட ஐந்து. ஒரு அடி இறங்க ஐந்து அடி தூரம். பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நோட்டில் ஐந்து என்று எழுதி இரண்டு கோடு இழுத்தான். தொட்டிமேல் ஏறிய காகிதமும் இதே காகிதம்தான். அங்கே அது செய்ததைக் கணக்கில் சேர்க்காமல், இங்கே பூட்டிய அறைக்குள் அது விழுந்ததை மட்டும் அதன் பேரில் எழுதிவிட்டோம். எழுதச் சொன்னவன் நான்தான்.

மோட்டார் இல்லாத கிளைடர் விமானங்களை அளப்பவர்களும் உலகம் முழுக்க இப்படி ஒரு பூட்டிய மண்டபத்தைத்தான் தேடியிருக்கிறார்கள். ஆகாயத்துக்குச் சன்னல் இல்லாததால் நேரத்தைச் சாத்தினார்கள். வெயில் தரையைத் தொட்டுக் காற்றைக் கிளப்புவதற்கு முன், விடியற்காலையில் இன்னொரு விமானத்தால் மேலே இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றை விடுவார்கள். ஒரே வேகத்தில் முள்ளை நிறுத்திவைத்து, எத்தனை வினாடியில் எவ்வளவு உயரம் போனது என்று குறிப்பார்கள். பிறகு இன்னொரு வேகம், பிறகு இன்னொன்று. டெக்சாஸில் டிக் ஜான்சன் என்பவர் பல பத்தாண்டுகள் இதையே செய்து, கிளைடர் கிளைடராக முடிவுகளை எழுதிவந்தார். வேகத்தைக் கிடையாகவும் இறங்குகிற வேகத்தைச் செங்குத்தாகவும் போட்டு வரைந்தால் குப்புறக் கவிழ்ந்த பழைய ஓடு மாதிரி ஒரு வளைவு வரும். போலார் என்பார்கள். ஒரு கிளைடரின் சாதகம் அந்த வளைவுதான். ஆனால் அதை வரைவது எவ்வளவு நொய்மையான வேலை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கூசியது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கிளைடர், ஒரு மீட்டர் இறங்க 40 மீட்டர் போகும் என்று வையுங்கள். அது வினாடிக்கு எழுபது சென்டிமீட்டர் அளவில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் சுற்றியுள்ள காற்று மொத்தமும் வினாடிக்குப் பத்தே சென்டிமீட்டர் மேலே நகர்ந்தால், அளவு 40 என்று வராது, 47 என்று வரும். பூஜையறையில் ஊதுவத்திப் புகை இதைவிட வேகமாக ஏறும். காதுக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியாது. அந்த ஏழு யாருடையது?

நம் நாட்டிலும் கிளைடர் செய்தார்கள். மத்திய அரசின் சிவில் விமானத் துறையில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961இலும் கார்த்திக் 1963இலும் முதலில் பறந்தன. அந்தத் துறையின் கிளைடர்களை அடுக்கிவைத்தால் அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம், ஆர்த்ரா என்று பஞ்சாங்கத்தைத் திறந்த மாதிரி இருக்கும். யார் இந்தப் பெயர்களை யோசித்தார்களோ, விஷயம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். போலார் வளைவும் பிறந்த நட்சத்திரம் மாதிரிதான். ஒருமுறை குறித்துவிட்டால் அதற்கப்புறம் எது நடந்தாலும் அந்தக் கட்டத்தை வைத்தே பேசுவார்கள். ஆனால் சாதகம் மாறாது, இது மாறும். நுண்மையாக வழவழப்பாக்கிய இறக்கையின் முன்விளிம்பில் நாலு கொசு ஒட்டினால் போதும், ஒழுங்காக வழுக்கிப்போகிற காற்று அந்த இடத்திலிருந்து கலைந்துவிடும். மழைத்துளி நின்றாலும் அப்படியே. போட்டியில் பறப்பவர்கள் பறந்துகொண்டே பூச்சியை வழிக்க இறக்கையில் ஓடும் துடைப்பான் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாரலில் ஒரு நல்ல கிளைடரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதன் நட்சத்திரமே மாறிவிடும்.

காற்று நிற்காதென்றால் இன்னொரு வழி உண்டு. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பறப்புக் குழுக்களுக்கென்று இடாஃப்ளீக் என்று ஒரு கூட்டமைப்பு, 1922இலிருந்து இருக்கிறது. கோடையில் ஆலன் நகரத்துப் பக்கம் எல்ஹிங்கன் விமானத் திடலில் கூடுவார்கள். அளக்க வேண்டிய கிளைடரைத் தனியே விடாமல், ஏற்கெனவே நன்றாக அளந்துவைத்த இன்னொரு கிளைடரோடு பக்கத்தில் பக்கத்தில் பறக்கவிடுவார்கள். பல வருடம் அந்த இடத்தில் இருந்தது அந்நாட்டு விண்வெளி ஆய்வு மையத்தின் பதினேழு மீட்டர் இறக்கை கொண்ட டிஜி-300. இரண்டும் ஒரே காற்றில் போவதால் காற்று ஏறினாலும் இறங்கினாலும் இரண்டுக்கும் சமம். எது எவ்வளவு அதிகம் தாழ்ந்தது என்று மட்டும் பார்த்தால் காற்று கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். இதைப் படித்தபோது முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. இரண்டு சமன்பாட்டில் ஒரே மாறி இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அதை ஒழிப்பது நான் ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்தது. பிறகு, வகுப்பில் ராங்க் போடுவதும் இதுதானே என்று பட்டது. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே வினாத்தாள். ஆகவே ஒரே காற்று என்று நாமாக வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு தாழ்ந்தார் என்று பார்த்தோம். எல்ஹிங்கனில் அந்த இரண்டு கிளைடரும் உண்மையிலேயே ஒரே காற்றில் இருக்கின்றன. அவர்கள் அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்கிறார்கள்.

குற்றாலத்துக்கு நான் குளிக்கப் போவது குறைந்துவிட்டது. விடியற்காலையில் பேரருவிக்கு எதிரே நின்று மேலே பார்ப்பதுதான் இப்போது வேலை. செம்பருந்து ஒன்று இறக்கையை விரித்து வைத்தபடி வரும். தண்ணீர் விழுகிற வேகத்தில் கிளம்பும் ஈரக்காற்றை அது தொடுவதில்லை. பாறையின் ஓரத்தில் ஏதோ ஒரு படிக்கட்டு அதற்குத் தெரியும். ஆக்ராவில் கிருமிகளை ஆராயும் வேலையில் இருந்த ஹான்கின் என்ற ஆங்கிலேயர் இப்படியே பார்த்துக்கொண்டு நின்று, 1913இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். காலையில் முதலில் பருந்து வட்டமடிக்கத் தொடங்கும், கனத்த கழுகுகள் பிறகுதான் கிளம்பும் என்று நேரம் குறித்துவைத்தார். அவர் பார்த்ததெல்லாம் சரி. வெறும் மேலேறும் காற்று இதற்குக் காணாது, வெயில் காற்றுக்கு வேறு ஏதோ ஒரு சக்தியைக் கொடுக்கிறது என்று முடிவெடுத்ததுதான் தவறு. அதே காலத்தில் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று உலகத்துக் காற்றழுத்தத்தையெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர், சிம்லாவில் தொலைநோக்கியை வைத்துப் பறவைகளையும் பார்த்தார். மேலேறும் காற்றே போதும் என்றார். நம் சாரல் எந்த வருடம் வரும், எந்த வருடம் ஏமாற்றும் என்று தேடிய மனிதருக்கே சிறகடிக்காத பறவையும் உறுத்தலாக இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. இருவரும் தரையில் நின்று பார்த்தவர்கள்.

மேலே போனவர்கள் பின்னால் வந்தார்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட் ராஸ்பெட், கிளைடரின் ஓட்டை உடைசல்களை அடைத்து அடைத்து 40 என்ற அளவைத் தாண்டவைத்தவர், ஒரு நாள் கிளைடரிலேயே கருங்கழுகு ஒன்றின் பின்னால் போய் அதை அளந்தார். 23 என்று வந்தது. 1970இல் பாரட் என்பவர் அதே இனத்துக் கழுகைச் சாய்வான காற்றுச் சுரங்கத்துக்குள் பறக்கவிட்டு அளந்தார். 11.6. பாதி. முதலாவது கணக்கில் ஊதுவத்திப் புகை அளவுக்கு ஏதாவது காற்று ஒளிந்திருக்கலாம். இரண்டாவதில், குழாய்க்குள் மனிதர்கள் பார்க்கப் பறக்கிற பறவை தன் முழு நீளத்துக்கு விரியாமல் இருந்திருக்கலாம். அடுத்த வருடம் பென்னிகுயிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் மோட்டார் கிளைடரில் கழுகுகளோடு கூடவே பறந்து, அங்குள்ள வெண்முதுகுக் கழுகுக்கு 15 என்று சொன்னார். மூன்று பேரும் நேர்மையானவர்கள். ஆனால் கழுகுக்கு நாம் கட்டளையிட முடியாது. இப்போது உன் திறமையின் உச்சத்தில் பற என்று கிளைடரிடம் சொல்லலாம், முள்ளை நிறுத்தலாம். கழுகு அந்த நேரம் திறமையைக் காட்டிக்கொண்டிருந்ததா, கீழே செத்துக்கிடக்கும் மாட்டுக்காக இறக்கையைக் கொஞ்சம் மடக்கி வேகமாக இறங்கப் பார்த்ததா என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பதினொன்று போதுமாயிருந்த நாளில் நாம் போய் அளந்திருக்கலாம்.

எண் ஒன்று அச்சாகிவிட்டால் அதை அசைப்பது கடினம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. சுரண்டைப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை காற்றாலைகள். இவற்றுக்குப் பாட்டன் போன்ற மர ஆலைகளைப் பற்றி இங்கிலாந்தில் ஸ்மீட்டன் 1759இல் எழுதிய கட்டுரையிலிருந்து, காற்று ஒரு பலகையை எவ்வளவு தள்ளும் என்பதற்கு 0.005 என்ற எண் பிறந்தது. ரைட் சகோதரர்கள் 1901இல் செய்த கிளைடர் அந்த எண்ணை நம்பிப் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் தூக்கியது. கிளைடரைப் பட்டம்போலக் கயிற்றில் கட்டி, இழுவிசையைத் தராசில் பார்த்தார்கள். எண்ணும் தப்பு, 0.0033 என்று இருக்க வேண்டும். நூற்று நாற்பது வருடம் அந்த எண் புத்தகங்களில் நின்றுவிட்டது. நான் முப்பத்தொரு வருடம்தான் வேலை பார்த்தேன் என்பது இந்த இடத்தில் ஆறுதலாக இருக்கிறது.

நாங்கள் இருப்பது மலையின் கிழக்குப் பக்கம். தென்மேற்குக் காற்று ஏறுவது புனலூர், தென்மலைப் பக்கத்தில்; ஏறி, குளிர்ந்து, கொட்டித் தீர்த்துவிட்டு, இங்கே இறங்குகிறது. மாடியில் நின்று பார்த்தால் முகட்டில் மேகம் பால் பொங்கியதுபோல வழியும், பாதி மலை வருவதற்குள் கரைந்துவிடும். தப்பி வருகிற தூறல்தான் சாரல். உச்சந்தலையில் விழாது, கன்னத்தில் விழும். ஒரு நாள் அப்படி நிற்கையில் மனம் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. அரை மில்லிமீட்டர் துளி வினாடிக்கு இரண்டு மீட்டர் விழும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்குப் பத்து. ஒரு மீட்டர் இறங்க ஐந்து மீட்டர் தூரம். மண்டபத்தில் காகிதம் பெற்ற அதே ஐந்து. நோட்டில் எழுதினால் இரண்டும் ஒரே மதிப்பெண். காகிதத்தின் ஐந்து முழுக்க அதனுடையது. இறக்கையின் மடிப்பு, மூக்கின் கனம், பையன் நகத்தால் தேய்த்த விளிம்பு. துளியின் ஐந்தில் துளியினுடையது ஒன்றுமே இல்லை. அது வெறுமனே விழுந்தது, மற்றதெல்லாம் காற்று செய்தது. வெறும் எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது. "அது தன்னால போகுது" என்று நம் பக்கத்தில் சொல்வோம். தன்னுடைய பலத்தால் போகிறது என்றும் பொருள், யாரும் எதுவும் செய்யாமல் போகிறது என்றும் பொருள். ஒரே சொல்லில் காகிதத்தையும் துளியையும் போட்டுவைத்திருக்கிறோம்.

கிளைடர்காரர்கள் இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேரியோமீட்டர் என்று ஏற்ற இறக்கம் காட்டும் முள் ஒன்று எல்லாக் கிளைடரிலும் உண்டு. 1920களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அதில் ஒரு வகை, நெட்டோ. விடியற்காலையில் பாடுபட்டு வரைந்த அந்த போலார் வளைவை அதற்குள் வைத்துவிடுவார்கள். இந்த வேகத்தில் நீ தன்னால் இவ்வளவு இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். உண்மையில் இறங்கியதிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தைக் காட்டும். மிச்சம் என்பது காற்று. முள் பூஜ்யத்தில் நின்றால், கிளைடர் இறங்கிக்கொண்டிருந்தாலும் காற்று சும்மா இருக்கிறது. முள் கீழே கிடந்தால், ஓட்டுபவர் மேல் பிழை ஒன்றும் இல்லை, இடம் சரியில்லை, நகர வேண்டும். வட்டமடித்து மேலே மேலே போகிற செம்பருந்துகூடத் தன் அளவில் ஒவ்வொரு வினாடியும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அது விழுவதைவிட வேகமாக அதைச் சுற்றியுள்ள காற்று ஏறுகிறது. பூட்டிய மண்டபத்தில் எடுத்த எண்ணுக்கு நான் நினைத்ததைவிட மரியாதையான ஒரு வேலை இருந்திருக்கிறது. கிளைடருக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு அதை எடுக்கவில்லை. அது எந்தக் காற்றில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எடுத்தார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு 41 என்ற எண் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பு, கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. அந்தப் பெண்ணின் கணக்கு நோட்டைப் பிரித்தால் புகையிலைத் தூள் உதிரும். வீட்டில் பீடி சுற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப்போடுவது, ராத்திரி பதினொன்று வரைக்கும். அவள் விரல் நுனியில் நூல் அறுத்த தடம் இருக்கும். இதெல்லாம் நான் பார்த்ததுதான். பார்த்துவிட்டு 41 போட்டேன். விடைத்தாளில் இருந்ததைத்தானே போட வேண்டும், கூட்டிப் போடவா முடியும்? மதிப்பெண்ணில் தவறில்லை; இன்று திருத்தினாலும் அதே 41தான் வரும். அதைப் போட்ட கையோடு அவளிடம் என்ன சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது. "ஒனக்கு இவ்வளவுதான் வரும்." விசிறிகள் ஓடாத, சன்னல் சாத்திய ஒரு மண்டபத்தில் அவள் பறந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கணக்காகவே போட்டுப் பார்க்கிறேன். அவளுடைய இறக்கம் ஒரு மாறி, அவளைச் சுற்றியிருந்த காற்று இன்னொரு மாறி, இரண்டும் சேர்ந்து 41. ஒரு சமன்பாட்டை வைத்து இரண்டு மாறிகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம்; கரும்பலகையில் நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை வருடத்துக்கு நூற்று இருபது பிள்ளைகளுக்குத் தீர்த்து, விடையைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டும் இருந்தேன். இன்னொரு சமன்பாடு வேண்டும். ராஸ்பெட்டும் பென்னிகுயிக்கும் அதற்காகத்தான் கழுகு இருக்கும் உயரத்துக்கு ஏறி, அது போகிற காற்றுக்குள் தாங்களும் போனார்கள். எனக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. அவள் வீடு கோயிலுக்கு வடக்கே மூன்றாவது தெரு. தினமும் சாயங்காலம் அந்தத் தெரு முனை வழியாகத்தான் கோபுர வாசலுக்குப் போவேன். எங்கள் கோபுர வாசலில் காற்று முதலில் எதிரே வந்து ஆளை நிறுத்தும், நாலு எட்டு உள்ளே வைத்தால் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் என்பார்கள். அதை அனுபவிப்பதற்காகவே அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். தெரு முனையில் நின்றதில்லை.